கிராம்ப்ளிங்கின் கோச் எடி ராபின்சன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பாலில் பெரிய கோச் யார் என்று பேச்சு வந்தால், அலபாமாவின் பேர் பிரையன்ட், நிக் சேபன் என்றுதான் பெயர்கள் வந்து விழும். லூசியானாவின் ஒரு சிற்றூர்க் கல்லூரியில் 1941 முதல் 1997 வரை கோச்சாக இருந்த மனிதரின் பெயர் கொஞ்சம் தாமதமாகத்தான் வரும். வந்த பிறகு எழும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான்.

முதலில், இது நாம் காலால் உதைக்கும் ஃபுட்பாலா?

இல்லை. இது முட்டை வடிவப் பந்தைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடுகிற, எறிகிற ஆட்டம். பக்கத்துக்கு 11 பேர், மைதானம் 100 கெஜம். நான்கு முயற்சிக்குள் 10 கெஜம் முன்னேற வேண்டும், இல்லையென்றால் பந்து எதிரணிக்குப் போய்விடும். பந்தோடு கடைசிக் கோட்டைத் தாண்டினால் டச்டவுன், அதற்கு 6 புள்ளி.

இந்தப் பக்கத்தைப் படிக்க இவ்வளவு விதி போதும். ஆனால் குவாட்டர்பேக் என்றால் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். பந்தை முதலில் கையில் வாங்கி, யாரிடம் கொடுப்பது, எங்கே எறிவது என்று ஓரிரு நொடிகளில் முடிவெடுப்பவர் அவர். அணியின் மூளை என்பார்கள். கீழே வரப்போகும் சண்டைக்கு இந்த ‘மூளை’தான் காரணம்.

ராபின்சன் எங்கிருந்து வந்தார்?

1919இல் லூசியானாவின் ஜாக்சன் என்ற ஊரில் பிறந்தார். அப்பா அடுத்தவர் நிலத்தில் விளைச்சலைப் பங்கிட்டுக்கொள்ளும் வாரக் குத்தகைக்குப் பருத்தி பயிரிட்டவர், அம்மா வீட்டு வேலை செய்தவர். குடும்பம் பேட்டன் ரூஜ் நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. லேலண்ட் என்ற சிறு கல்லூரியில் படித்தார், அங்கே குவாட்டர்பேக்காக ஆடினார். பட்டம் வாங்கியும் கறுப்பின இளைஞருக்குத் தகுந்த வேலை கிடைக்கவில்லை. மாட்டுத் தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்குப் போனார்.

1941இல் கிராம்ப்ளிங்கில் கோச் வேலை காலியாக இருப்பது உறவினர் மூலம் தெரிய வந்தது. மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட். அப்போது அவருக்கு வயது 22, ஆட்டக்காரர்களில் சிலருக்கும் ஏறக்குறைய அதே வயது. வேலைக்கு எடுத்தவர் கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ். அவர்தான் அங்கே பேஸ்பால் கோச்சும். தலைவரே பேஸ்பால் கோச் என்றால் கல்லூரியின் வசதியைப் பற்றி வேறு சொல்ல வேண்டியதில்லை.

கிராம்ப்ளிங் என்ன மாதிரி இடம்?

வடக்கு லூசியானாவில், ரஸ்டன் நகரத்துக்குப் பக்கத்தில், பைன் மரங்களுக்கு நடுவே இருக்கிற சிற்றூர். பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டும் என்று அந்த வட்டாரக் கறுப்பின விவசாயிகள் கேட்டதால் 1901இல் தொடங்கிய நிறுவனம். ராபின்சன் வந்தபோது அதன் பெயர் ‘லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிடியூட்’. மைதானத்தில் உற்சாகக் குரல் கொடுக்கிறவர்கள் இந்தப் பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் எதிரணி டச்டவுன் போட்டுவிடும் என்று கேலி செய்வார்களாம். 1946இல் கிராம்ப்ளிங் கல்லூரி ஆனது, 1974இல் பல்கலைக்கழகம் ஆனது.

எல்லா வேலையையும் அவர் ஒருவரே செய்தார் என்பது உண்மையா?

ஆரம்ப வருடங்களில் உண்மை. நம் ஊர்ப் பள்ளியில் பி.டி. மாஸ்டர் ஆண்டு விழாவுக்கு முந்தின நாள் சுண்ணாம்புப் பொடி வாளியோடு மைதானத்தில் கோடு போட்டுக்கொண்டிருப்பாரே, அந்தக் காட்சியை நினைத்துக்கொள்ளுங்கள். புல் வெட்டுவது, கோடு போடுவது, அடிபட்ட கணுக்காலுக்குப் பட்டி சுற்றுவது எல்லாம் ராபின்சன்தான். ஆட்டம் முடிந்த இரவு அதைச் செய்தியாக எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியதும் அவரே. அனுப்பாவிட்டால் கறுப்பினக் கல்லூரி ஆட்டத்தைப் பற்றி யார் எழுதப்போகிறார்கள்? பாஸ்கெட்பாலும் சொல்லிக் கொடுத்தார்.

வெளியூர் ஆட்டம் என்றால் சாண்ட்விச் கட்டி பஸ்ஸில் ஏற்றுவார்கள். சிக்கனத்துக்காக அல்ல. நெடுஞ்சாலை ஓட்டல்களில் கறுப்பினத்தவருக்கு உட்கார இடம் தரமாட்டார்கள்.

முதல் சீசன் 3 வெற்றி, 5 தோல்வி. இரண்டாவது சீசன், 1942இல், ஒன்பது ஆட்டம், ஒன்பதும் வெற்றி. ஒன்பதிலும் சேர்த்து எதிரணிகளை ஒரு புள்ளிகூட எடுக்க விடவில்லை. அடுத்த இரண்டு வருடம் உலகப் போரால் கல்லூரி அணியே இல்லை, ஊர் உயர்நிலைப் பள்ளி அணிக்குப் பயிற்சி கொடுத்தார். அங்கே ஒரு விவசாயி, பருத்தி எடுக்க ஆள் வேண்டும், என் பையன்கள் ஆட வரமாட்டார்கள் என்றார். ராபின்சன் மொத்த அணியையும் அந்த வயலுக்கே கூட்டிப்போய், பருத்தியை எடுத்துக் கொடுத்துவிட்டுப் பையன்களை அழைத்து வந்தார். பருத்தி வயலில் வளர்ந்தவர், வேலை தெரியாதா என்ன?

கையில் மணியோடு திரிவார் என்கிறார்களே?

மாட்டுக் கழுத்தில் கட்டுகிற மணி. விடிகாலையில் ஹாஸ்டல் வராந்தாவில் அதை ஆட்டிக்கொண்டே கதவு கதவாக நடப்பார். எழுந்து பயிற்சிக்கு வா என்பதற்காக அல்ல, வகுப்புக்குப் போ என்பதற்காக. வெளியூர்ப் பயணத்தில் கோட்டும் டையும் கட்டாயம். கத்தியும் முள்கரண்டியும் எப்படிப் பிடிப்பது, வேலைக்கான நேர்காணலில் எப்படிப் பேசுவது என்பதெல்லாம் பயிற்சியோடு பயிற்சியாக நடக்கும். மைதானத்தில் புதுமைகளைக் குவிக்கும் ரகம் அல்ல அவர். சில ஆட்ட முறைகள்தான், ஒரு கால் தப்பாக வைத்தால் மறுபடி முதலிலிருந்து. சரியாக வரும்வரை, இருட்டினாலும், யாரும் கிளம்பக் கூடாது.

408 வெற்றி என்ற கணக்கு சரியா? சாதனை இப்போது யாரிடம்?

408 வெற்றி, 165 தோல்வி, 15 சமன். 1943, 44ஐக் கழித்தால் 55 சீசன்கள். 1960 முதல் 1986 வரை 27 சீசன்கள் தொடர்ச்சியாகத் தோல்வியைவிட வெற்றி அதிகம். தங்கள் லீகான எஸ்டபிள்யூஏசியில் 17 பட்டங்கள், கறுப்பினக் கல்லூரிகளுக்கான தேசியப் பட்டம் 9 முறை.

1985 அக்டோபர் 5 அன்று டல்லாஸில் ப்ரெய்ரி வியூ அணியை 27–7 என்று வென்றபோது அது அவருடைய 324ஆவது வெற்றி. பேர் பிரையன்டின் 323ஐத் தாண்டிய நாள் அது. 400ஆவது 1995 அக்டோபரில் வந்தது.

இப்போது மொத்தக் கணக்கில் முதலிடம் மினசோட்டாவின் சிறிய செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் இருந்த ஜான் காக்லியார்டிக்கு: 489. கல்லூரி ஃபுட்பாலின் மேல் அடுக்கான முதல் டிவிஷன் கணக்கில் பென் ஸ்டேட்டின் ஜோ பேட்டர்னோ 409, அதாவது ராபின்சனைவிட ஒன்று கூட. அந்த ஒன்றுக்கும் ஒரு கதை இருக்கிறது. துணை கோச்சாக இருந்தவர் சிறுவர்களிடம் நடத்திய பாலியல் கொடுமை வெளியே வந்ததும், 2012இல் பேட்டர்னோவின் 111 வெற்றிகளை, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் அமைப்பான என்சிஏஏ அழித்தது. சாதனை ராபின்சனிடம் திரும்பியது. 2015இல் ஒரு வழக்குச் சமரசத்தில் அந்த 111ஐயும் திருப்பிக் கொடுத்தார்கள். ராபின்சன் இறந்து பல வருடங்கள் ஆகியும் அவர் பெயர் பட்டியலில் இப்படி ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

சின்ன அணிகளை வென்றதுதானே? பெரிய பல்கலைக்கழகங்களோடு ஆடியிருந்தால்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர்கள் தவறாமல் ஒன்றை மறக்கிறார்கள். பெரிய பல்கலைக்கழகங்களோடு ஆடுவதில்லை என்று கிராம்ப்ளிங் முடிவு செய்யவில்லை, தெற்கத்திய வெள்ளையர் பல்கலைக்கழகங்கள்தான் அந்தக் கதவைச் சாத்தி வைத்திருந்தன. அதே மாநிலத்தின் பெரிய பல்கலைக்கழகமான எல்எஸ்யூவின் முதன்மை அணியில் கறுப்பின வீரர் ஆட 1972 ஆயிற்று.

எதிரணிகளும் சாதாரணம் அல்ல. ஃப்ளோரிடா ஏ அண்ட் எம்மில் ஜேக் கெய்தர், டென்னஸி ஸ்டேட்டில் ஜான் மெரிட் என்று பெரிய கோச்சுகள் இருந்தார்கள். வெள்ளையர் கல்லூரிகள் சேர்க்காத திறமை முழுவதும் இந்தச் சில கல்லூரிகளில்தான் குவிந்திருந்தது. ஒரு கட்டத்தில் நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்கள் சிலர், முப்பதாயிரம் பேர்கூட உட்கார முடியாத மைதானங்களில் ஆடிக்கொண்டிருந்தார்கள் என்பதுதான் நிஜம்.

தொழில்முறை லீகுக்கு எத்தனை பேரை அனுப்பினார்?

இருநூறுக்கும் மேல். முதல் ஆள் ‘டேங்க்’ என்று செல்லப்பெயர் பெற்ற பால் யங்கர். 1949இல் லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி அவரைச் சேர்த்தது. கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து தொழில்முறை லீகான என்எஃப்எல்லில் ஆடிய முதல் வீரர் அவர்தான். கிளம்பும்போது ராபின்சன் அவரிடம் சொன்னது புத்திமதி மாதிரி தோன்றினாலும் உண்மையில் பெரிய பாரம்: நீ தோற்றுத் திரும்பினால், மிகச் சிறந்தவனையே பார்த்துவிட்டோம், அந்தக் கல்லூரிகளில் யாரும் தேறமாட்டார்கள் என்று சொல்லிவிடுவார்கள். யங்கர் தோற்கவில்லை.

பிறகு வரிசையாகப் போனார்கள். பக் புக்கானன் 1963இல், என்எஃப்எல்லுக்குப் போட்டியாக இருந்த ஏஎஃப்எல் லீகின் அணிகள் கல்லூரி வீரர்களை வரிசையாக எடுக்கும் தேர்வில் நாட்டிலேயே முதல் ஆளாக எடுக்கப்பட்டார். அவரும் வில்லி டேவிஸ், வில்லி பிரவுன், சார்லி ஜாய்னரும் இன்று தொழில்முறை ஃபுட்பாலின் புகழ் மண்டபத்தில் இருக்கிறார்கள். இந்தப் பெயர்களை நாடெங்கும் கொண்டுபோனதில் கல்லூரியின் விளையாட்டுச் செய்தி அதிகாரி காலி நிக்கல்சனுக்குப் பெரிய பங்கு உண்டு. நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் 1968இலும், டோக்கியோவில் 1976இலும் கிராம்ப்ளிங் ஆடியது. பைன் காட்டு ஊரின் அணி இவ்வளவு தூரம் போனதற்கு ஓயாத தட்டச்சு இயந்திரம் ஒன்றும் காரணம்.

குவாட்டர்பேக் சண்டை என்றீர்களே, அது என்ன?

என்எஃப்எல் கறுப்பின ஓட்டக்காரர்களை எடுத்துக்கொண்டது, தடுப்பாளர்களை எடுத்துக்கொண்டது. குவாட்டர்பேக்காக மட்டும் எடுக்காது. கல்லூரியில் எவ்வளவு நன்றாக எறிந்தாலும், நீ எறிந்த பந்தைப் பிடிக்கும் ரிசீவராக மாறிக்கொள் என்பார்கள். வாய்விட்டுச் சொல்லாத காரணம் மேலே சொன்ன அந்த ‘மூளை’.

ராபின்சன் இதைத் திட்டம் போட்டே உடைத்தார். அருகிலிருக்கும் மன்ரோ நகரத்துப் பையன் ஜேம்ஸ் ஹாரிஸைச் சேர்த்து, நான்கு வருடமும் தொழில்முறை அணிகள் ஆடும் பாணியிலேயே தயார் செய்தார். யார் கேட்டாலும் இடத்தை மாற்றிக்கொள்ளாதே என்றார். ஹாரிஸ் மாற்றிக்கொள்ளவில்லை, அதற்கான விலையையும் கொடுத்தார்: 1969 தேர்வில் அவர் பெயர் எட்டாவது சுற்றில்தான் வந்தது. ஆனால் அந்த வருடமே பஃபலோ பில்ஸ் அணியின் முதல் ஆட்டத்தில் குவாட்டர்பேக்காக இறங்கினார். ஒரு சீசனை அந்த இடத்தில் தொடங்கிய முதல் கறுப்பின வீரர் அவர்.

அடுத்தவர் டக் வில்லியம்ஸ். 1977இல் நாட்டின் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் வாக்கெடுப்பில் நான்காவது, 1978இல் டாம்பா பே அணிக்கு முதல் சுற்றிலேயே தேர்வு. பத்து வருடம் கழித்து, 1988 ஜனவரி 31, சான் டியகோவில் என்எஃப்எல்லின் இறுதிப் போட்டியான சூப்பர் பௌல். வில்லியம்ஸ் இப்போது வாஷிங்டன் அணியில். டென்வர் 10–0 என்று முந்துகிறது. ஆட்ட நேரத்தின் முதல் கால் பகுதியில் வில்லியம்ஸின் பாதம் சறுக்கி முட்டி திருகிக்கொள்கிறது, நொண்டிக்கொண்டு வெளியே போகிறார். சரி, அவ்வளவுதான் என்று பலரும் நினைத்திருப்பார்கள். திரும்பி வந்து இரண்டாவது கால் பகுதியில் மட்டும் நான்கு டச்டவுன்களுக்குப் பந்தை எறிந்தார். அந்தப் பதினைந்து நிமிடத்தில் வாஷிங்டன் 35 புள்ளி. முடிவு 42–10. ஆட்ட நாயகன் வில்லியம்ஸ். சூப்பர் பௌலை வென்ற முதல் கறுப்பினக் குவாட்டர்பேக்.

என்னைக் கேட்டால் ராபின்சனின் 408ஐவிட அந்தப் பதினைந்து நிமிடம்தான் பெரிது. கணக்கில் அது அவருடைய வெற்றியாக எங்கும் பதிவாகாது என்பது வேறு விஷயம்.

கதவு திறந்த பிறகு கிராம்ப்ளிங் என்ன ஆயிற்று?

இதுதான் அவர் விட்டுச்சென்றதில் மிகவும் சிக்கலான பகுதி. கறுப்பினப் பிள்ளைகளால் முடியும் என்று ராபின்சனும் அவரைப் போன்றவர்களும் முப்பது வருடம் நிரூபித்தார்கள். 1970 செப்டம்பரில் கலிஃபோர்னியாவின் யுஎஸ்சி பல்கலைக்கழக அணி பர்மிங்ஹாமுக்கு வந்து, கறுப்பின வீரர்களை முன்னிறுத்தி, முழுக்க வெள்ளையரான அலபாமாவை 42–21 என்று வென்றது. அதற்குள் தெற்கில் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறக்கத் தொடங்கியிருந்தன, பிறகு வேகம் கூடியது. நியாயம் கிடைத்தது. கூடவே, லூசியானாவின் நல்ல பையன்களைத் தேடி எல்எஸ்யூவும் அலபாமாவும் நேராக வீட்டு வாசலுக்கே வந்தன: பெரிய மைதானம், தொலைக்காட்சி, புத்தம்புது ஜிம். கிராம்ப்ளிங்கிடம் கொடுக்க என்ன இருந்தது? மணியடித்து எழுப்புகிற ஒரு கோச்.

அவர் அதன் பிறகும் வென்றுகொண்டுதான் இருந்தார். வில்லியம்ஸே அந்தக் காலத்துப் பையன்தான். ஆனால் யாரும் தொடாத திறமைக் குவியல் என்று ஒன்று அதன்பின் அவருக்கு இல்லை. தன் வேலையைச் சரியாகச் செய்ததாலேயே தன் வீட்டின் கிணற்று நீரை அடுத்த வீட்டுக்கு விட்டுக் கொடுத்தவர் அவர். அதைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டவராகவும் அவரை யாரும் காட்டுவதில்லை.

உரிமைப் போராட்டங்களில் அவர் ஒதுங்கி நின்றார் என்பது சரியா?

ஊர்வலத்தில் நடந்தவர் அல்ல. நாட்டைப் பற்றி வெளிப்படையாகவே பெருமை பேசினார். அறுபதுகளில் இது இளைஞர்களுக்கு எரிச்சலாக இருந்தது. 1967இல் கிராம்ப்ளிங் மாணவர்களே போராட்டத்தில் இறங்கினார்கள். படிப்பைவிட ஃபுட்பாலுக்கு இங்கே மதிப்பு அதிகம் என்பது அவர்கள் புகார். மணியடித்து வகுப்புக்கு அனுப்பிய மனிதருக்கு அது வலித்திருக்கும். ஆனால் புகாரில் உண்மை இல்லை என்று தள்ளிவிடவும் முடியாது. நாடே ஒரு கல்லூரியை அதன் ஃபுட்பால் அணியால் மட்டும் அறிந்திருந்தால், வேதியியல் மாணவனுக்குக் கோபம் வரத்தானே செய்யும்?

கடைசி வருடங்கள் ஏன் கசந்தன?

1995, 96, 97 மூன்றும் தோல்வி சீசன்கள், கடைசி இரண்டும் 3–8. என்சிஏஏ விசாரணை வேறு. 1996 முடிவில் அவரை விலக்கிவிடப் பேச்சு அடிபட்டது. ஊரும் பழைய மாணவர்களும் கொதித்தார்கள். பிறகு இன்னொரு சீசன் தரப்பட்டது. கடைசி ஆட்டம் 1997 நவம்பரில் நியூ ஆர்லியன்ஸ் சூப்பர்டோமில், சதர்ன் பல்கலைக்கழகத்துக்கு எதிராக. 30–7 என்று தோல்வி. இரண்டு மூன்று வருடம் முன்பே நிறுத்தியிருக்கலாம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடுதான். ஆனால் ரூஸ்வெல்ட் முதல் கிளின்டன் வரை 11 ஜனாதிபதிகள் மாறியும் ஒரே அறையில் உட்கார்ந்திருந்தவரிடம் போய் அதைச் சொல்ல யாருக்கு வாய் வரும்?

‘ஒரே வேலை, ஒரே மனைவி’ என்று அவரைப் பற்றிச் சொல்வது?

அவரே அடிக்கடி பெருமையாகச் சொன்னது. டோரிஸை மணந்ததும் கிராம்ப்ளிங்கில் சேர்ந்ததும் ஒரே வருடம், 1941. இரண்டையும் கடைசிவரை விடவில்லை.

அவருக்குப் பின் அணி எப்படிப் போனது?

1998இல் பொறுப்பேற்றவர் டக் வில்லியம்ஸ். 2000, 2001, 2002 என்று மூன்று வருடம் தொடர்ந்து லீக் பட்டம். பிறகு ஏற்ற இறக்கம். 2013 அக்டோபரில் நடந்ததைத்தான் பலரும் மறக்க முடியாமல் இருக்கிறார்கள். வீரர்கள் ஜாக்சன் ஸ்டேட்டுக்குப் போகும் பஸ்ஸில் ஏற மறுத்தார்கள், ஆட்டம் கைவிடப்பட்டது. அணிக் கட்டடத்தில் பூஞ்சை, தேய்ந்த தரை, வெகுதூரம் பஸ்ஸிலேயே பயணம், அந்த சீசன் நடுவே வில்லியம்ஸ் நீக்கப்பட்டது என்று அவர்கள் பட்டியல் நீண்டது. மாநில அரசு உயர்கல்விக்கான பணத்தை வருடா வருடம் குறைத்து வந்த காலம் அது. ராபின்சன் பஸ்ஸில் சாண்ட்விச் கட்டிப் போனதைப் பெருமையாகச் சொல்கிறோம். 2013இலும் அதே மாதிரி சமாளியுங்கள் என்று சொல்ல முடியுமா?

அவர் எப்போது காலமானார்?

2007 ஏப்ரல் 3, ரஸ்டனில். வயது 88. கடைசி வருடங்களில் அல்சைமர் நோய் அவருடைய நினைவைத் தின்றுவிட்டது. மக்கள் அஞ்சலிக்காக உடலை பேட்டன் ரூஜில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் வைத்தார்கள். மணிக்கு 25 சென்ட்டுக்கு அவர் தீவன மூட்டை தூக்கிய ஊர் அதுதான்.

இன்று அவர் பெயரில் என்னென்ன இருக்கின்றன?

கிராம்ப்ளிங்கின் மைதானம், 1983இல் திறந்தது. வளாகத்தில் ஒரு பழைய ஜிம்மில் 2010 முதல் அருங்காட்சியகம். முதல் டிவிஷனின் இரண்டாம் அடுக்கில் சிறந்த கோச்சுக்கு 1987 முதல் தரப்படும் எடி ராபின்சன் விருது.

நேரில் பார்க்க விரும்பினால் எந்த ஆட்டத்துக்குப் போவது?

பேயூ கிளாசிக். நவம்பர் கடைசியில், நன்றி தெரிவிக்கும் நாளுக்கு அடுத்த சனிக்கிழமை, சூப்பர்டோமில் கிராம்ப்ளிங்கும் சதர்னும் மோதும். 1974இல் தொடங்கியது. ஒரு யோசனை: இடைவேளையில் தின்பண்டம் வாங்க எழுந்து போய்விடாதீர்கள். இரண்டு கல்லூரிகளின் பேண்டு வாத்தியக் குழுக்களும் களத்தில் இறங்குவது அப்போதுதான். 1967இல் முதல் சூப்பர் பௌலிலேயே வாசித்த குழு கிராம்ப்ளிங்குடையது. பக்கத்து இருக்கைக்காரர்களில் பாதிப் பேர் ஆட்டத்துக்காக வரவில்லை, இதற்காகத்தான் வந்திருக்கிறார்கள் என்பது அப்போது தெரியும்.